இத்தாலி சாஸ் தேடி பட்டாபிராம் வரை

ஒரு சட்டி தக்காளி சாஸுக்காகப் பதினேழு மைல் ரயிலில் போய், அங்கிருந்து ஐந்து மைல் மாட்டு வண்டியில் போய், போன வழியே திரும்பி வந்தவர்கள் இந்தப் பட்டணத்தில் நானும் என் மச்சான் சவரிமுத்துவும் மட்டும்தான் இருப்போம். போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை போனோம். வேறு யாராவது போக நினைத்தால் உதவுமே என்று நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து வைத்தேன். நான் அச்சாபீசில் புரூப் பார்ப்பவன். எதையாவது குறிக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தத் தாளில் இப்போது பாதி எண்ணெய்க் கறை. மறைந்துபோனதை ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்.

சவரிமுத்து என் மனைவியின் தம்பி. கீழ்ப்பாக்கத்தில் ஒரு துரை பங்களாவில் பதினாறு வருஷமாகச் சமையல்காரன். பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை கொடுத்திருக்கிறார்கள். அதில் அவன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். துரை இத்தனை நாளும் ஒண்டிக்கட்டை. வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். அப்படிப்பட்ட மனுஷர் லீவில் கப்பலேறிப் போனவர், திரும்பி வரும்போது இத்தாலி தேசத்துப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது மச்சானுக்குச் சனி.

துரைசானிக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. இங்கிலீஷே அரைகுறைதான், தமிழுக்கு எங்கே போவது? வரும்போதே ஒரு டிரங்குப் பெட்டி நிறைய மக்ரோனி கொண்டுவந்திருந்தாள். அதைக் காட்டி, தக்காளியைக் காட்டி, கையைச் சுழற்றி ஏதோ சொன்னாள். சவரிமுத்துவுக்கு விஷயம் புரிந்தது, பக்குவம் புரியவில்லை. முதல் தடவை தேங்காய்ப்பால் ஊற்றினான். இரண்டாம் தடவை புளி கரைத்தான். மூன்றாம் தடவை மவுண்ட் ரோடு கடையிலிருந்து ஒரு பாட்டில் சாஸ் வாங்கி அப்படியே கவிழ்த்தான். மூன்று தடவையும் தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது.

அதுவரை வறுத்த கோழியாவது உள்ளே போய்க்கொண்டிருந்தது. தவக்காலம் பிறந்ததும் துரைசானி கறியையும் நிறுத்திவிட்டாள். ரொட்டி, அவித்த முட்டை, அவ்வளவுதான். பெண் நாளுக்கு நாள் இளைத்துப்போவதைப் பார்த்த துரை, சவரிமுத்துவைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: வருகிற ஞாயிறு மதியம் அவள் வயிறாரச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை வேறு ஆள் வருவான். வேலை போனால் அந்த இரண்டு அறையும் போகும். என் வீட்டில் இருப்பது ஒரே அறை. எனக்கும் கவலை வந்ததில் ஆச்சரியம் இல்லையே.

பக்கத்து பங்களாச் சமையல்காரர்தான் புஷ்பத்தைப் பற்றிச் சொன்னார். புஷ்பம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் குழந்தைகளுக்கு ஆயாவாகக் கப்பலில் போய், இத்தாலியில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவளாம். இப்போது பட்டாபிராமில் ரயில்வே கேட்டைப் பார்த்துக்கொள்ளும் தாஸைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாளாம். தபாலட்டை போட்டோம். "சனிக்கிழமை வாங்க, வெள்ளனவே வாங்க" என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொத்தவால்சாவடியில் இரண்டு வீசை தக்காளி வாங்கினோம். ஒலிவ எண்ணெய் வேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்தாள். அது மளிகைக் கடையில் கிடைக்காது, இங்கிலீஷ் மருந்துக் கடையில்தான், காதுவலிக்கு விடச் சின்னச் சின்ன பாட்டிலில் விற்கிறார்கள். இரண்டு பாட்டில் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ரெண்டு காதும் வலிக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சமையலுக்கு என்று சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பார்.

சென்ட்ரலில் காலை 6.20க்கு ரயில். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு ஐந்தணா. இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், கரித்தூள் முழுக்க அந்தப் பக்கம்தான் வந்தது. அம்பத்தூரில் பால்காரர்கள் காலிக் குடங்களோடு இறங்கினார்கள், ஆவடியில் பாதி வண்டி காலி.  மச்சான் வழி நெடுகத் தக்காளிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு வந்தான். 7.30க்குப் பட்டாபிராமில் இறங்கினோம்.

கேட் வீடு ஸ்டேஷனிலிருந்து தண்டவாளத்தை ஒட்டி நாலு பர்லாங். புஷ்பம் வாசலில் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. எங்களை உட்காரக்கூடச் சொல்லாமல் கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்தே, தக்காளி கொண்டாரச் சொன்னா கல்லு கொண்டாந்துகீறீங்க?"

"நல்ல செங்காய்ம்மா. பாத்துப் பாத்து எடுத்தது" என்றான் சவரிமுத்து.

"அதான் சொல்றேன். இது சாம்பாருக்கு ஆவும். அந்த ஊர்ல கொடியிலேயே கனிஞ்சு, தொட்டா தோல் வெடிக்கணும், அப்பத்தான் பறிப்பாங்க. வெள்ளானூருக்குப் போங்க. முனுசாமி நைனா தோட்டம்னு கேளுங்க. ஓடுங்க, வெயில் ஏறிக்கினு வருது."

பட்டாபிராமிலிருந்து வெள்ளானூர் ஐந்து மைல். ஒற்றை மாட்டு வண்டி போகவர எட்டணா. வண்டிக்காரர் பத்தணா கேட்டார், எட்டுக்கு இறங்கினார், இறங்கிய கோபத்தை மாட்டின் மேல் காட்டாமல் எங்கள் மேல் காட்டினார். "தக்காளிக்கா போறீங்க? அதுக்குப் பட்டணத்துல இல்லாததா இங்க கீது?" என்று இரண்டு தடவை கேட்டார். ஏரிக்கரை வரை சாலை சுமார், அதற்கப்புறம் குலுக்கலில் நான் குறித்ததெல்லாம் கோழிக் கிறுக்கல். 9.20க்குப் போய்ச் சேர்ந்தோம்.

முனுசாமி ஏற்றம் இறைத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் நாலு பேர் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் செங்காய்தான். சாயங்காலம் வண்டியேறி, விடிகாலை பட்டணம் போய்ச் சேரும்போது பழுத்திருக்க வேண்டும், அதுதான் அவர்கள் கணக்கு. கொடியிலேயே கனிந்துவிட்ட பழத்தை யாரும் தொடுவதில்லை. அது வண்டியில் நசுங்கி மற்றதையும் கெடுக்கும் என்று எருமைக்குப் போட்டுவிடுகிறார்கள். நாங்கள் கேட்டது அந்தப் பழத்தைத்தான்.

முனுசாமி எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "கனிஞ்சதா? எத்தினி மாடு வச்சிகீறே நைனா?"

"மாடு இல்லைங்க. மனுஷருக்குத்தான்" என்றேன்.

பறித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சவரிமுத்துவுக்கு முகம் சுண்டிவிட்டது. துரைசானி, தவக்காலம், திங்கட்கிழமை, இரண்டு அறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். முனுசாமி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"அத்த வித்தேன்னு தெரிஞ்சா ஊர்ல என்னைக் கிண்டல் பண்ணுவானுங்க. துட்டு வாணாம், எடுத்துக்கினு போ. விதைய இன்னா பண்ணுவே?"

"விதையெல்லாம் எடுத்துட்டுத்தான் ஆக்கணும்னு கேட் வீட்டுப் புஷ்பம்மா சொன்னாங்க" என்றான் சவரிமுத்து.

"அப்ப வெதய எனக்கு அனுப்பிடு. நல்லாக் கனிஞ்ச பழத்து வெதைதான் மொளைக்கும். எருமை துன்னுட்டா எனக்கு இன்னா கெடைக்கும்?"

இந்தப் பேரம் எங்களுக்குப் பிடித்திருந்தது. மூன்று வீசைப் பழத்தைத் தாமரை இலையில் ஒரே அடுக்காகப் பரப்பி, வைக்கோல் மேல் வைத்தோம். வரப்போரத்தில் திருநீற்றுப் பச்சிலைச் செடி இருந்தது. பூக்காரர்கள் மாலைக்கு வைத்துக் கட்டுகிற வாசனை இலை. அதிலும் ஒரு பிடி பறித்துவரச் சொல்லியிருந்தாள் புஷ்பம். அந்த ஊர் சாஸுக்கு உயிரே அந்த இலைதானாம், நம்மூரில் அது சும்மா முளைத்துக் கிடக்கிறது. திரும்பும்போது வண்டிக்காரர் மாட்டை நடக்கவிட்டே ஓட்டினார். பழம் நசுங்கக் கூடாதே என்று அவருக்கும் அக்கறை வந்துவிட்டது. கேட் வீட்டுக்கு வரும்போது மணி 11.15.

இனிப் பக்குவம். பழத்தைக் கொதிநீரில் போட்டு, எண்ணி இருபது விநாடியில் எடுத்தால் தோல் சட்டையைக் கழற்றுவது போல வந்துவிடுகிறது. இரண்டாகப் பிய்த்து, விதையை விரலால் வழித்துத் தனிக் கிண்ணத்தில் போட வேண்டும். சதையைக் கையாலேயே பிசைய வேண்டும், அம்மியில் வைக்கக் கூடாது. சட்டி மண்சட்டியாக இருக்கட்டும், மீன்குழம்பு வைத்த சட்டி மட்டும் வேண்டாம். ஈயம் பூசாத பித்தளையில் வைத்தால் களிம்பு ஏறிவிடும். அடுப்புக்கு வறட்டி நல்லது. விறகு எரிந்தால் அவசரப்படும்.

பழத்தைச் சரிபாதியாகப் பிரித்து, முதல் பாதியை அடுப்பேற்றச் சொன்னாள் புஷ்பம். "என் கையால செஞ்சு குடுத்தா நாளைக்கு நீ இன்னா பண்ணுவே? நீயே செய்யி. எண்ணெய ஊத்து, காஞ்சதும் ரெண்டு பல்லு பூண்டப் போடு. நான் தண்ணி கொண்டாந்துடறேன்." குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

சவரிமுத்து ஒரு பாட்டில் எண்ணெயையும் ஊற்றினான். நான் தாளில் குறித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் காய்ந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவன் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கை மட்டும் பக்கத்திலிருந்த அஞ்சறைப் பெட்டிக்குப் போயிற்று. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டுத்தான் நான் நிமிர்ந்தேன். அதற்குள் வெந்தயம், மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் உள்ளே. தக்காளியும் மேலே விழுந்துவிட்டது.

வாசலில் குடத்தோடு நின்ற புஷ்பம் மூக்கை உறிஞ்சினாள். "இன்னா வாசனை இது?"

சவரிமுத்து கரண்டியைக் கீழே வைத்தான். "பதினாறு வருஷமா எண்ணெய் காஞ்சா கடுகு. கை தானாப் போயிடுச்சும்மா."

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். இருப்பது ஒரு பாட்டில் எண்ணெய், ஒன்றரை வீசைப் பழம். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, வாசனை வேறு பசியைக் கிளப்பிவிட்டது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த நேரத்தில் தாஸ் கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே வந்தார். அதிகம் பேசாத மனுஷர். சட்டியை எட்டிப் பார்த்தார், சோற்றுப் பானையைப் பார்த்தார். எங்களுக்கெல்லாம் சோறும் தொக்கும் போட்டுவிட்டு, கடைசியில் அந்தச் சட்டியிலேயே இரண்டு கை சோற்றைப் போட்டு, ஓரமெல்லாம் வழித்துப் பிசைந்து சாப்பிட்டார். "இத்தாலிக்காரன் நல்லாத்தான் துன்றான்" என்றார். புஷ்பத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. சவரிமுத்துவும் சிரித்தான். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

சாப்பிட்டதும் புஷ்பம் அஞ்சறைப் பெட்டியை எடுத்துத் தாஸிடம் கொடுத்தாள். "கேட் ரூம்ல வச்சுப் பூட்டு. இந்த ஆளு ரயிலேறினதுக்கு அப்புறம் கொண்டாந்தா போதும்." தாஸ் பச்சைக்கொடிக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பூட்டினார்.

இரண்டாம் சட்டி. இந்தத் தடவை புஷ்பம் நகரவில்லை. எண்ணெய் புகையும் முன்னே பூண்டு, அது சிவக்கும் முன்னே வெளியே. தக்காளி, உப்பு. பிறகு அடுப்பை அடக்கி, ஒன்றும் செய்யாமல் உட்கார வேண்டும். சவரிமுத்துவுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. "கொஞ்சம் மிளகு?" என்றான். "வாணாம்." "ஒரு துளி மஞ்சள்?" "கைய மடிச்சு ஒக்காரு." இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அந்த வீட்டில் கடிகாரம் கிடையாது. அரக்கோணம் பாசஞ்சர் போனால் ஏற்று, கூட்ஸ் வந்தால் இறக்கு, இதுதான் புஷ்பத்தின் கணக்கு. என் கடிகாரப்படி பாசஞ்சர் 1.10. கூட்ஸ் 2.20க்கு வர வேண்டும். அன்றைக்கு வரவில்லை. 2.30 ஆயிற்று, 2.40 ஆயிற்று. சவரிமுத்து என்னைப் பார்த்தான், நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். புஷ்பம் சட்டியைப் பார்த்தாள். "கூட்ஸ் கெடக்குது வுடு. தோ, எண்ணெ ஓரத்துல பிரிஞ்சு வந்துகீது பாரு. எறக்கு." இறக்கியபின் இலையைக் கிள்ளிப் போட்டாள். கத்தி படக் கூடாதாம்.

ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விட்டார்கள். காரம் இல்லை, புளி இல்லை. முதலில் என்னவோ விட்டுப்போன மாதிரி இருந்தது. பிறகு தக்காளி தெரிந்தது. தக்காளிக்கு இவ்வளவு ருசி உண்டு என்று இத்தனை வயசுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். சவரிமுத்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டிப் பார்த்தான். "இதுல ஒளிஞ்சுக்க இடமே இல்ல மாமா" என்றான்.

விதையைச் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து, மறுபடி கேட் பக்கம் வந்த வண்டிக்காரரிடம் கொடுத்தோம். அதற்குக் கூலி வேண்டாம் என்றார் அவர். சாஸைச் சட்டியோடு வாழையிலை போட்டு மூடி, துணியால் இறுக்கிக் கட்டி, 4.05 ரயிலைப் பிடித்தோம். சவரிமுத்து சட்டி குலுங்காமல் கையில் ஏந்தி, சென்ட்ரல் வரை நின்றுகொண்டே வந்தான். 5.20க்கு இறங்கினோம். ராத்திரி அது பங்களா ஐஸ் பெட்டியில் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாசி, பங்குனியில் போங்கள். பட்டணத்திலிருந்து தக்காளி சுமக்காதீர்கள், எண்ணெய் மட்டும் மூன்று பாட்டிலாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் வீணாகும். ரயிலும் வண்டியும் சேர்த்து இரண்டு பேருக்கு ஒரு ரூபாய் பன்னிரண்டணா பிடித்தது. வெள்ளானூரில் கனிந்த பழம் கேட்டால் சிரிப்பார்கள், நீங்களும் சேர்ந்து சிரித்துவிடுங்கள், ஆனால் விதையைத் திருப்பி அனுப்ப மறக்காதீர்கள். கூட்ஸ் வண்டியை நம்பி அடுப்பேற்றாதீர்கள். அஞ்சறைப் பெட்டி இருக்கிற இடத்தில் இந்த சாஸைச் செய்யவே செய்யாதீர்கள்.

அதெல்லாம் கிடக்கட்டும், வேலை என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே பங்களாவின் பின்பக்கச் சமையலறைக்குப் போய்விட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. 1.10க்கு மக்ரோனித் தட்டு உள்ளே போயிற்று. சவரிமுத்து கதவோரம் நின்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தான். பத்து நிமிஷத்துக்கு முள்கரண்டிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. பிறகு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

துரைசானியே வந்துவிட்டாள். அந்தச் சமையலறையில் அவள் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கையில் ஒரு துண்டு ரொட்டி. நேரே அடுப்பு மேடைக்குப் போய், சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த சாஸை ரொட்டியால் ஒரு சுற்று வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். முந்தின நாள் தாஸ் செய்ததேதான், சோற்றுக்குப் பதில் ரொட்டி. இரண்டாவது முறை வழித்தபோதுதான் எங்களைக் கவனித்தாள். முகம் சிவந்துவிட்டது. வாய்க்குப் போன ரொட்டி பாதியில் நின்றது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொள்ளலாமா, வெளியே ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அப்போது சவரிமுத்து முன்னால் போனான். ரொட்டி டின்னிலிருந்து ஒரு துண்டை எடுத்தான். சட்டியின் மறுபக்கத்தை ஒரு சுற்று வழித்து, துரைசானி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயில் போட்டுக்கொண்டான்.

பதினாறு வருஷத்தில் அவன் அந்த வீட்டில் யார் எதிரிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. போயிற்று, இரண்டு அறையும் போயிற்று என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

துரைசானி அவனைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வர, புறங்கையால் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சட்டியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி வழித்தாள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். பெண்டாட்டியைத் தேடிக்கொண்டு வந்த துரை வாசல் வரை வந்தார், பார்த்தார், சத்தம் போடாமல் பேப்பர் படிக்கப் போய்விட்டார். திங்கட்கிழமை வேறு ஆள் யாரும் வரவில்லை.

துரைசானி போனபின் நான் சட்டியை எட்டிப் பார்த்தேன். கழுவ வேண்டிய அவசியமே இல்லை.

"அடப்பாவி, என்ன காரியம்டா பண்ணினே?" என்றேன். 

சவரிமுத்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"தெரியல மாமா. கை தானாப் போயிடுச்சு."